உச்சிக்குழி துடிக்கிறதே!

என் மகனுக்கு ஐந்து மாதம். உச்சந்தலை மெத்தென்று இருக்கிறது, துடிக்கவும் செய்கிறது. எண்ணெய் தேய்த்துத் தலையை அமுக்கி உருண்டையாக்கச் சொல்கிறார் மாமியார். செய்யலாமா?
— ஒரு தாய், ஜாசின், மலாக்கா

எண்ணெய் தேயுங்கள் சகோதரி, அமுக்க வேண்டாம். பிறக்கும்போது நெற்றியெலும்பு இரண்டு பாதியாக இருக்கும். அவை மண்டையின் பக்க எலும்புகள் இரண்டோடு சந்திக்கும் இடத்தில் விழும் சாய்சதுர இடைவெளிதான் உச்சிக்குழி. அங்கே எலும்புதான் இல்லை. கெட்டியான சவ்வு மூளையைக் காக்கிறது. மூளைக்குப் போகும் இரத்தத்தின் நாடியே அந்தத் துடிப்பு. தலைக்குக் குளிப்பாட்டத் தயங்காதீர்கள்.

பிரசவத்தில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறித் தலை வெளியே வரவும், பிறகு மூளை மளமளவென்று வளரவும் இந்த இடைவெளி வேண்டும். பின்மண்டையில் இருக்கும் சிறிய குழி இரண்டு, மூன்று மாதத்திலேயே மூடிவிடும். உச்சிக்குழி பெரும்பாலும் 12 முதல் 18 மாதத்துக்குள் மூடும். சிலருக்கு இரண்டு வயதுகூட ஆகும்.

அழும்போது புடைத்தால் பயமில்லை. அழாமல், நிமிர்த்தி உட்கார வைத்த நிலையிலும் புடைத்திருந்தால், அதிலும் காய்ச்சலோ வாந்தியோ சேர்ந்தால், உடனே மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். வயிற்றுப்போக்கோடு குழி நன்றாக உள்வாங்கி, சிறுநீரும் குறைந்தால் உடலில் நீர் வற்றுகிறது, அன்றே காட்டுங்கள்.

தலை ஒருபக்கம் தட்டையாகத் தெரிந்தால், விழித்திருக்கும்போது உங்கள் கண்முன்னே குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். தூங்க மட்டும் மல்லாக்கப் போடுங்கள். கிளினிக்கில் தாதி தலைச் சுற்றளவை அளப்பார். அடுத்த முறை போகும்போது மாமியாரையும் கூட்டிப் போங்கள்.