சரக்குத்தூளும் சமையலெண்ணெயும்: கலோரிக் கணக்கிற் சேர்க்க வேண்டியவை எவை?

உணவை அளவறிந்து உண்ணுமாறு வைத்தியர் கூறியதும், பெரும்பாலான வீடுகளிற் கணக்குச் சோற்றுடன் தொடங்கிச் சோற்றுடனேயே முடிந்துவிடுகின்றது. மூன்று அகப்பைச் சோறு இரண்டாகக் குறைக்கப்படுகின்றது. பாண் துண்டுகள் எண்ணப்படுகின்றன. ஆனால், கறி தாளிக்கத் தாச்சியிற் சரிக்கப்படும் எண்ணெயை எவரும் எண்ணுவதில்லை. மாதங்கள் சில கழிந்தும் உடல் நிறை குறையாதபோது, கணக்கே பயனற்றதென்று அது கைவிடப்படுகின்றது. வேறு சிலரோ மிளகாய்த்தூள், மல்லித்தூள், சீரகம் என்பவற்றையுங்கூட எண்ணப் புகுந்து, வேலை மிகுதியாற் சலிப்புற்று விட்டுவிடுகின்றனர். இவ்விரு சாராருக்கும் வேண்டியது ஒன்றே: எதை எண்ண வேண்டும், எதை விட்டுவிடலாம் என்னும் தெளிவு.

கலோரி என்பது யாது?

விறகு எரிந்து வெப்பம் தருவதுபோல, உணவு உடலிற் பயன்பட்டுச் சத்தியைத் தருகின்றது. அச்சத்தியை அளக்கும் அலகே கலோரியாகும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசினால் உயர்த்த வேண்டிய வெப்பமே உணவுக் கணக்கில் ஒரு கலோரி எனப்படும். அமெரிக்க இரசாயன அறிஞரான வில்பர் அற்வாற்றர் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நடத்திய ஆய்வுகளிலிருந்து பெறப்பட்ட எளிய வாய்பாடு இன்றும் பயன்படுகின்றது. அதன்படி ஒரு கிராம் மாப்பொருள் 4 கலோரியும், ஒரு கிராம் புரதம் 4 கலோரியும், ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும் தரும்.

இவ்வாய்பாட்டிலேயே விடையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது. எண்ணெய் முற்றிலும் கொழுப்பு; அதில் நீரோ நாரோ இல்லை. ஆகவே, அடுக்களையில் உள்ள பொருள்களுள் எண்ணெயைப்போலச் சிறிய அளவிற் பெருஞ்சத்தி தருவது வேறொன்றில்லை.

சரக்குகளின் கணக்கு

உலர்ந்த சரக்குகளை 100 கிராம் வீதம் நோக்கினால் அவற்றின் கலோரி குறைவானதன்று. மிளகாய்த்தூள், மல்லி, மஞ்சள் என்பன ஏறக்குறைய 300 கலோரியும், சீரகம் அதனினும் சற்றுக் கூடுதலாகவும் தரும். ஆயினும் 100 கிராம் மிளகாய்த்தூளை ஒருவரும் ஒருநாளில் உண்பதில்லை. ஒரு தேக்கரண்டித் தூள் 2 கிராம் அளவே நிறையுடையது. அதிலிருந்து கிடைப்பது 6 அல்லது 7 கலோரி மாத்திரமே. அதுவும் குடும்பத்தினர் அனைவருக்கும் பங்காகிவிடுகின்றது. உள்ளி, இஞ்சி, கறிவேப்பிலை, தேசிக்காய், வினாகிரி என்பன வழக்கமாகச் சேர்க்கப்படும் அளவிற் கணக்கிற்கு வருவனவல்ல. எனவே, இவற்றை எழுதி வைக்க வேண்டியதில்லை.

உப்பிற் கலோரியே இல்லை. எனினும், கலோரி இல்லையென்பதால் உப்பை அளவின்றிச் சேர்க்கலாகாது. நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவாகவே உப்பு உட்கொள்ளப்படல் வேண்டுமென உலக சுகாதார தாபனம் அறிவுறுத்துகின்றது. இது ஏறக்குறைய ஒரு மட்டத் தேக்கரண்டியாகும். கருவாடு, மாசி, ஊறுகாய் என்பவற்றிலுள்ள உப்பும் இவ்வளவினுள் அடங்கும்.

சுவைக்காகச் சேர்ப்பவற்றுள் எண்ண வேண்டியவையும் சில உள. சீனி ஒரு மட்டத் தேக்கரண்டி 16 கலோரி தரும். நாளில் ஐந்து தேநீரிற் குவித்த கரண்டியாக இரண்டிரண்டு இட்டால் அது சிறு தொகையன்று. எள் எண்ணெய் வித்தாதலால், எள்ளுப்பொடி ஒரு மேசைக்கரண்டி 50 கலோரி வரை தரும். சீனிச் சம்பலில் எண்ணெயும் சீனியும் ஒருங்கே உள்ளன. கடையில் வாங்கும் மயோனைசு பெரும்பாலும் எண்ணெயே.

எண்ணெயின் கணக்கு

ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரியும், ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரியும் தரும். தேங்காயெண்ணெய், நல்லெண்ணெய், சோயா எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் யாவற்றிற்கும் கணக்கு ஒன்றே. நல்லெண்ணெய் உடலுக்கு நல்லதென்று கருதித் தோசைமேல் தாராளமாக ஊற்றுவோர், அதன் கலோரியும் தேங்காயெண்ணெயின் கலோரியும் சமமென்பதை அறிதல் வேண்டும். எண்ணெய்களுக்கிடையே வேறுபாடு கொழுப்பின் வகையிலேயே உள்ளது. தேங்காயெண்ணெயின் பெரும்பகுதி நிரம்பிய கொழுப்பாகும். நல்லெண்ணெயில் அது ஏழில் ஒரு பங்களவே. இதய நோயுள்ளோர் எவ்வெண்ணெயைக் கொள்வதென்பதை வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

பொரியலிற் கணக்குச் சற்றுச் சிக்கலானது. தாச்சியில் ஊற்றிய எண்ணெய் முழுவதும் உணவிற் சேர்வதில்லை. பொரிக்குமுன் எண்ணெயை அளந்து, பொரித்தபின் ஆறவிட்டு வடித்து மீண்டும் அளந்தால், குறைந்த அளவே உணவிற் சென்றதாகக் கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 500 மில்லிலீற்றர் எண்ணெயில் 20 வடைகள் பொரித்தபின் 420 மில்லிலீற்றர் எஞ்சுமாயின், 80 மில்லிலீற்றர் வடைகளிற் சேர்ந்துள்ளது. அஃது ஏறக்குறைய 660 கலோரி. வடையொன்றிற்கு 33 கலோரி. பருப்பின் கலோரி இதற்குப் புறம்பானது. கத்தரிக்காய் பஞ்சுபோன்ற சதையுடையதாதலால் எண்ணெயை மிகுதியாக உறிஞ்சும். எண்ணெய் போதிய சூடேறிய பின்னரே பொரிக்க வேண்டும். எடுத்தவுடன் நன்கு வடியவிடவும் வேண்டும். எஞ்சிய எண்ணெயை மீண்டும் மீண்டும் கொதிக்கவைத்தல் தீங்கு பயக்கும்.

தேங்காயின் கணக்கு

எண்ணெய்ப் போத்தலை மாத்திரம் அளப்பவர் தேங்காயை மறந்துவிடுகின்றனர். தேங்காய்ப் பருப்பில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு. ஒரு தேங்காயிற் 300 கிராம் பருப்பு இருக்குமாயின், அதன் சத்தி 1,000 கலோரிக்குச் சற்று மேற்படும். சம்பலில் அது முழுவதும் உண்ணப்படுகின்றது. பால் பிழியும்போது ஒரு பகுதி சக்கையுடன் நீங்கிவிடுகின்றது. கொழுப்பின் பெரும்பங்கு முதற்பாலிலேயே வரும். கப்பிப்பாலில் அது குறைவு. ஆகவே, கப்பிப்பாலில் வைத்த சொதியும், முதற்பால் விட்டு இறக்கிய குழம்பும் கணக்கில் ஒன்றல்ல.

ஒரு குடும்பத்தின் கணக்கு

வளர்ந்தோர் நால்வரும் ஒரு குழந்தையும் உள்ள கமக்காரர் குடும்பமொன்றை எடுத்துக்கொள்ளலாம். குடும்பத் தலைவருக்கு வயது ஐம்பது. நீரிழிவு கண்டபின் வயல் வேலையை மகனிடம் ஒப்படைத்தவர். மனைவியும் மருமகளும் வீட்டு வேலையுடன் தோட்டத்தையும் பார்க்கின்றனர். பேரக்குழந்தையின் நிறை வயதிற்கு ஏற்றதன்றெனச் சிகிச்சை நிலையத்திற் கூறப்பட்டுள்ளது. குழந்தையின் உணவு தனியே ஆக்கப்படுகின்றது.

இவ்வீட்டில் 750 மில்லிலீற்றர் எண்ணெய்ப் போத்தல் ஒன்று பத்து நாளில் முடிகின்றது. நாளொன்றுக்கு 75 மில்லிலீற்றர். ஏறக்குறைய 620 கலோரி. நால்வருக்கும் பங்கிட்டால் ஒருவருக்கு 155 கலோரி. நாளொன்றுக்குத் தேங்காய் ஒன்று முழுவதும் உண்ணப்படுமாயின் ஒருவருக்கு 260 கலோரி. இரண்டும் சேர்ந்து 415 கலோரி. இது 300 கிராமிற்கு மேற்பட்ட சோற்றிற்குச் சமம். சரக்குகளோ, நாளொன்றுக்கு 50 கிராம் சென்றாலும், ஒருவருக்கு 40 கலோரியைத் தாண்டா.

தலைவருக்காக மனைவி சோற்றில் ஓரகப்பையைக் குறைத்தும் பயன் காணாமைக்குக் காரணம் இதுவே. குறைத்த சோற்றின் சுவைக்குறையைத் தீர்க்கப் பொரியலும் சம்பலும் கூட்டப்பட்டன; ஒரு வாயிலை அடைத்து மறுவாயில் திறக்கப்பட்டது.

எண்ணெய்ப் போத்தல் பதினைந்து நாளுக்கும், ஒரு தேங்காய் இரண்டு நாளுக்கும் வருமாறு சமைத்தால், ஒருவருக்கு நாளொன்றுக்கு 180 கலோரி வரை குறையும். சரக்குத்தூளும் புளியும் உள்ளியும் முன்போலவே இருப்பதால் கறியின் மணம் கெடாது.

யாவருக்கும் ஒரே அளவன்று

இங்கே கவனிக்க வேண்டியது மிக முக்கியமானது. தலைவருக்கு வேண்டாத அந்த எண்ணெய், குழந்தைக்கு வேண்டியது. சிறு வயிறு சிறிதளவு உணவையே கொள்ளும். அச்சிறிதளவிலேயே போதிய சத்தி அமைய வேண்டும். குழந்தையின் சோற்றில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் சேர்த்துப் பிசைந்தால், உணவின் அளவு கூடாமலே 40 கலோரி கூடும். வீட்டில் எண்ணெய் தீயதென்று பேச்செழுந்தவுடன் குழந்தையின் உணவிலிருந்தும் அதனை நீக்கிவிடுதல் பெருந்தவறாகும்.

வயலில் உழைக்கும் மகனுக்கும் சத்தி மிகுதியாக வேண்டும். குறைத்த எண்ணெய்க்கு ஈடாக அவருக்குச் சோறும் பருப்பும் கூட்டிப் பரிமாறலாம். எவருக்கும் எண்ணெயை அறவே ஒழித்தல் தகாது. ஏ, டி, ஈ, கே ஆகிய விற்றமின்கள் கொழுப்பிற் கரைவன. முருங்கையிலை, பூசணிக்காய், கரட் என்பவற்றிலுள்ள கரோட்டினை உடல் ஏற்பதற்கும் சிறிதளவு கொழுப்பு வேண்டும்.

அளக்கும் முறை

நாள்தோறும் துளித்துளியாக எழுத வேண்டியதில்லை. போத்தலைத் திறந்த நாளை அதன் மேலேயே எழுதி வைத்து, முடிந்த நாளைப் பார்த்துப் பங்கிடுதலே எளிய முறை. விருந்தினர் வந்த நாள்களையும் குறித்தல் வேண்டும். போத்தலிலிருந்து நேரே தாச்சியிற் சரியாது, கரண்டியால் அளந்து விடும் பழக்கம் ஒன்றே செலவைக் குறைக்கும்.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. எண்ணெய், நெய், தேங்காய், எள், சீனி என்பவற்றை எண்ணுக.
2. தூள்களையும் இலைகளையும் எண்ணாது விடுக. உப்பைக் கலோரிக்காக அன்றி அளவிற்காகக் கவனிக்க.
3. ஒரு தேக்கரண்டி எண்ணெய் 40 கலோரி, எவ்வெண்ணெயாயினும் இதுவே.
4. மாதம் ஒருமுறை நிறை பார்த்து, அதற்கேற்ப அளவைத் திருத்துக.
5. குழந்தைக்கும் நோயாளிக்கும் உழைப்பாளிக்கும் ஒரே கணக்கை வையாதிருக்க.

அடுக்களைக் கணக்கின் நோக்கம் உணவைக் குறைப்பதன்று. அவரவர்க்கு வேண்டியது அவரவரைச் சேரச் செய்வதே. அதனை அளந்து கொடுக்க வல்ல கருவி, அகப்பைக் கூட்டில் ஏற்கெனவே தொங்கும் ஒரு தேக்கரண்டியேயாகும்.