சிவப்பு மருந்தின் கணக்கு

அன்புள்ள மருமகள் அறிவது,

இனிப் பெரியவர்கள் கிளினிக்குக்கு மாறவேண்டும் என்று அம்மா சொன்னா. "அதுதான் சுகமாகிவிட்டதே, பிறகென்ன கிளினிக்" என்று கொட்டாஞ்சேனையில் ஆளுக்காள் கேட்கிறார்களாம். சுகம்தான். ஆனால் நாலு வயதில் மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் உனக்கு ஏற்றிய சிவப்பு மருந்தின் கணக்கு இன்னும் முடியவில்லை.

அது டொக்ஸோரூபிசின் அல்லது டோனோரூபிசினாக இருக்கும். இத்தாலியில் பழைய கோட்டையொன்றின் அருகே எடுத்த மண்ணில் இருந்த நுண்ணுயிர் தந்த மருந்துக் குடும்பம். டொக்ஸோரூபிசினின் அட்ரியாமைசின் என்ற பெயர்கூட அங்குள்ள அட்ரியாட்டிக் கடலை வைத்து வந்ததுதான். உன்னைக் காப்பாற்றிய மருந்தைத் திட்ட எனக்கு மனம் வராது. என்றாலும் அது இதயத் தசைக் கலங்களையும் சிதைக்கும். தோலைப்போல அவை எளிதில் புதிதாக உண்டாவதில்லை. சின்ன உடம்புக்கு மிச்சக் கலங்கள் போதும்; வளர்ந்த உடம்புக்கும் அவைதான் இரத்தம் தள்ளவேண்டும். அதனால் பழுது பத்து, இருபது வருடம் கழித்தும் தலைகாட்டும். 2006 இல் வந்த பெரிய அமெரிக்க ஆய்வில், சிறுவயதுப் புற்றுநோயிலிருந்து பிழைத்தவர்களுக்குக் கடும் இதயச் செயலிழப்பு அவர்களின் சகோதரர்களைவிட 15 மடங்கு. பயப்படாதே, அந்த வயதுச் சகோதரர்களுக்கு அது மிக அரிது. ஆனால் மூச்சு வாங்கட்டும், பார்ப்போம் என்று இருக்கவும் கூடாது.

அலுமாரியில் இருக்கும் டயக்னோசிஸ் கார்ட்டை எடு. எல்லாத் தடவையும் ஏற்றிய சிவப்பு மருந்தைக் கூட்டி, உடற்பரப்பின் சதுர மீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று டொக்டரிடம் கேள். 250 அல்லது அதற்கு மேல் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எக்கோ, அதாவது இதய ஸ்கான். 100 முதல் 249 வரை என்றால் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இதுதான் சர்வதேச நிபுணர்களின் வழிகாட்டல். நெஞ்சுக்குக் கதிர் பிடித்திருந்தால் இதயக் குழாய்களும் வால்வுகளும் கெடலாம், அதையும் சொல். எக்கோவுக்கு ஊசியும் இல்லை, நோவும் இல்லை.

பிரஷரை மட்டும் கூடவிடாதே. அந்த மருந்தும் பிரஷரும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். சீனி, கொழுப்பு பார்ப்பதும் இந்த வயதிலேயே தொடங்கட்டும். ஓடாதே, ஆடாதே என்று வீட்டார் பொத்திப் பொத்தி வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. எக்கோ சரியென்றால் நட, நீந்து. பாரம் தூக்குவதைக் கேட்டுச் செய். பின்னேரங்களில் வெள்ளவத்தைக்கு வா, மரைன் டிரைவில் நடப்போம்.

இன்னொன்று. கலியாணம் பேசும்போது இந்த வருத்தத்தை மூடி மறைக்கச் சொல்லுவார்கள். அது உன் முடிவு. ஆனால் பிள்ளை உண்டானால் ஆரம்பத்திலேயே இதய டொக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி எக்கோ எடுக்கவேண்டும். கார்ட்டைப் படம் பிடித்து எனக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பிவை.

அன்புடன்,
மாமா