பயணத்தில் கல்லடைப்பு வலி வந்தால்

சிறுநீரகக் கல் இருப்பவருக்கு வீட்டில் வலி வந்தால் தெரிந்த டாக்டர் இருக்கிறார், கூப்பிட்டால் வர ஆட்டோ இருக்கிறது. நள்ளிரவில், திண்டிவனம் தாண்டிய பஸ்ஸில் வந்தால் என்ன செய்வது? கல் உண்டு என்று ஏற்கெனவே தெரிந்தவர்களும், அவர்களோடு பயணம் போகிறவர்களும் தெரிந்துவைத்துக்கொள்ளச் சில குறிப்புகள்.

1. முதுகில், விலா எலும்புக்குக் கீழே ஒரு பக்கமாகத் தொடங்கி, அடிவயிறு, தொடை இடுக்கு வரை வலி இறங்கும். விட்டு விட்டு, அலை அலையாக வரும். குமட்டலும் வாந்தியும் கூடவே வரலாம். சிறுநீர் சிவந்து போகலாம். குடல்வால் அழற்சி வந்தவர் அசைந்தால் வலிக்குமே என்று அப்படியே கிடப்பார். கல்லடைப்பு வந்தவரால் ஒரு நிமிடம்கூட ஓரிடத்தில் இருக்க முடியாது. எழுவார், குனிவார், புரளுவார். பக்கத்து சீட்டுக்காரர் ‘வாய்வுதான், ஒரு சோடா குடிங்க’ என்பார். சோடா கல்லை ஒன்றும் செய்யாது.

2. எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். வலி எவ்வளவு கொடுமையாக இருந்தாலும், அது மட்டும் உயிருக்கு ஆபத்தில்லை. குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால்தான் ஆபத்து. கல்லுக்குப் பின்னால் தேங்கிய சிறுநீரில் கிருமி பெருகிவிட்டது என்று அர்த்தம். அது சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பரவிவிடக்கூடும். சிறுநீர் அடியோடு நின்றுபோனாலும், வாந்தியால் மாத்திரைகூட வயிற்றில் தங்காவிட்டாலும், வலி வந்தவர் கர்ப்பிணியாகவோ ஒற்றைச் சிறுநீரகம் உள்ளவராகவோ இருந்தாலும், ‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சே கூடாது. அடுத்த ஊரில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டிக்கெட் காசு போனால் போகட்டும். அறுபது வயதைத் தாண்டியவருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக இப்படி வலி வந்தாலும் இதே விதிதான். வயிற்றிலுள்ள பெருந்தமனி வீங்கி வெடிக்கப் பார்க்கும்போதும் ஏறக்குறைய இதே மாதிரிதான் வலிக்கும்.

3. கல் இருப்பது தெரிந்தால், பயணத்துக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு, வலி வந்தால் எதை, எத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை போடுவது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இந்த வலிக்குப் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக் வகை மருந்துதான் கொடுக்கிறார்கள். ஆனால் சிறுநீரகக் கோளாறு, குடல்புண், இதயநோய் உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களும், கர்ப்பிணிகளும் அதைத் தாங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது. வாந்தி எடுக்கிறவருக்கு ஆசனவாயில் வைக்கும் மாத்திரை உதவும்; அது தோதுப்படுமா என்று அதையும் கேட்டு வையுங்கள். மருந்தை பஸ்ஸின் டிக்கியில் போகும் பெட்டியில் வைக்காமல் கைப்பையில் வையுங்கள்.

4. வலி உச்சத்தில் இருக்கும்போது லிட்டர் கணக்கில் தண்ணீர் குடித்தால் கல் அடித்துக்கொண்டு வந்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். வராது. அடைப்புக்குப் பின்னால் அழுத்தம் கூடி வலிதான் அதிகமாகும். தாகத்துக்கு வாய் வாயாகக் குடித்தால் போதும்.

5. சூட்டு ஒத்தடம் நல்ல ஆறுதல் தரும். டீக்கடையில் வெந்நீர் கேட்டு எவர்சில்வர் பாட்டிலில் ஊற்றி, துண்டில் நன்றாகச் சுற்றி விலாப்பக்கம் வையுங்கள்.

6. ரயிலில் என்றால் டிக்கெட் பரிசோதகரிடம் சொல்லுங்கள், அல்லது 139-ஐ அழையுங்கள். வரும் நிலையத்தில் டாக்டருக்கு ஏற்பாடு செய்வார்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033, தமிழ்நாட்டில் எங்கிருந்தாலும் ஆம்புலன்ஸுக்கு 108. பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள்.

7. கார் ஓட்டும்போது வலி தொடங்கினால் உடனே ஓரம் கட்டுங்கள். வலி ஊசி போட்டுக்கொண்ட பிறகு ‘இப்போ பரவாயில்லை’ என்று ஸ்டீயரிங்கைப் பிடிக்காதீர்கள்.

8. பஸ் எங்கே நிற்குமோ, கழிப்பறை எப்படி இருக்குமோ என்ற பயத்தில் முதல்நாள் மாலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துவிடுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை; நெடுஞ்சாலை மோட்டல்களின் கழிப்பறைகளைப் பார்த்தவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் கல் உள்ளவருக்கு இந்தப் பழக்கம் ஆகாது. ஒரு நாளில் இரண்டரை லிட்டர் சிறுநீராவது போக வேண்டும். வெயிலில் வியர்வையாகவே நிறையத் தண்ணீர் போய்விடுவதால் அதற்கேற்பக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். (இதயம், சிறுநீரகம் பலவீனமாகித் தண்ணீருக்கு அளவு சொல்லப்பட்டவர்களுக்கு இது பொருந்தாது.) முடிந்தவரை பஸ்ஸைவிட ரயிலைத் தேர்ந்தெடுங்கள். காரில் போனால் பெட்ரோல் பங்க் கண்ட இடத்தில் நிறுத்தச் சொல்லுங்கள்.

9. கட்டுச்சோற்றில் தயிர்சாதம் நல்லது. பால், தயிரை நிறுத்தினால் கல் வராது என்பது தவறு. உணவிலுள்ள கால்சியம், கல் உருவாகக் காரணமான ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியேற்றிவிடுகிறது. தொட்டுக்கொள்ளும் ஊறுகாயும் சிப்ஸும்தான் ஆகாதவை. உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியம் கூடும். எலுமிச்சைச் சாறு நல்லது, உப்பு போடாமல். வாழைத்தண்டு சாப்பிடலாம், நார்ச்சத்துள்ள காய்தான். ஆனால் இருக்கிற கல்லைக் கரைக்கும் என்று நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள். வழியில் யாரோ தரும் மூலிகைக் கஷாயத்தைத் தொடவே வேண்டாம்.

10. கடைசியாக எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டை செல்போனில் படம் எடுத்து வையுங்கள். கல் எந்தப் பக்கம், எத்தனை மில்லிமீட்டர் என்பது புது ஊர் டாக்டருக்கு உடனே தெரிய வேண்டும். 5 மி.மீ.க்கும் சிறிய கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறும். 10 மி.மீ.க்கு மேல் போனால் அது அரிது. அப்படிப்பட்டவர்கள் நீண்ட பயணத்தைத் தள்ளிப்போட்டு முதலில் கல்லைக் கவனிப்பதே மேல். சிறுநீர்க் குழாயில் ஸ்டென்ட் வைத்திருப்பவர்கள் அதை எடுக்கும் தேதி பயணத்துக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

11. வளைகுடா நாடுகளுக்குப் போகிறவர்கள் டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கொண்டுபோக வேண்டாம். ட்ரமடால், கோடீன் கலந்த மருந்துகள் ஐக்கிய அரபு அமீரகத்தில் கடும் கட்டுப்பாட்டில் உள்ளவை. நம் ஊரில் சாதாரணமாக எழுதித் தரும் மாத்திரை அங்கே விமான நிலையத்தில் வம்பாகிவிடும்.

12. ஒரு சின்ன டீ வடிகட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். வலி வந்தபின் சிறுநீரை வடிகட்டிப் பார்த்து, கல் விழுந்தால் கழுவிப் பத்திரப்படுத்துங்கள். அது என்ன வகைக் கல் என்று பரிசோதித்தால்தான் எதைக் குறைத்துச் சாப்பிடுவது என்று சரியாகச் சொல்ல முடியும். அருவருப்பாகத்தான் இருக்கும், ஆனால் பலன் உண்டு.

13. வலி நின்றதும் கல் போய்விட்டது என்று பயணத்தைத் தொடர்ந்து, ஊர் வந்ததும் மறந்துவிடுவார்கள். கல் அங்கேயே இருந்தும் வலி நிற்கலாம். வலியே இல்லாத அடைப்பு வாரக்கணக்கில் நீடித்தால் அந்தச் சிறுநீரகமே பழுதாகிவிடும். வீடு திரும்பியதும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள்.