கலிபோர்னியாவில் சமூக நீதிப் படிப்பு: சமுதாயக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு

கலிபோர்னியாவின் சமுதாயக் கல்லூரிகள் பலவற்றில் சமூக நீதிக் கல்வி இரண்டாண்டுப் பட்டமாகக் கிடைக்கிறது. இனம், பாலினம், வர்க்கம், குடியேற்றம் என விரியும் இப்படிப்பு மேலிருந்து இறங்கி வந்த சரக்கன்று. ஓக்லாந்தின் மெரிட் கல்லூரி என்ற சமுதாயக் கல்லூரியில் படித்த ஹியூ நியூட்டனும் பாபி சீலும்தான் 1966இல் கருஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கினர். சான் பிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி மாணவர்கள் 1968 நவம்பர் முதல் மாதக்கணக்கில் வகுப்புகளைப் புறக்கணித்த பிறகே, 1969இல் அங்கே இனவியலுக்கெனத் தனிக் கல்லூரி பிறந்தது.

முதலில் கவனிக்க வேண்டியது செலவு. மாநிலவாசிகளுக்கு யூனிட் (பாட அளவு) ஒன்றுக்கு 46 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்கான 60 யூனிட்டுக்கு 2,760 டாலர். புத்தகம், வாடகை, பேருந்து எல்லாம் தனி. பலருக்கு வாடகைதான் பெரிய சுமை.

2010ஆம் ஆண்டுச் சட்டப்படி, பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கென்றே அமைந்த இரண்டாண்டுப் பட்டமான 'மாறுதலுக்கான இணைப்பட்டம்' முடித்தவருக்குக் கலிபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழக அமைப்பில் மூன்றாமாண்டு மாணவராக இடம் உறுதி. அமைப்பில்தான் உறுதி, விரும்பிய வளாகத்திலோ விரும்பிய துறையிலோ அல்ல. பலர் இடறுவது இங்கேதான். 'சமூக நீதி' என்ற பெயரில் துறையே இல்லாத வளாகங்கள் உண்டு. அங்கே சமூகவியல், இனவியல், பெண்ணியல் போன்ற துறைகளில்தான் சேர வேண்டியிருக்கும். அந்தத் துறையை ஒத்த துறையாக அவ்வளாகம் ஏற்றால்தான் மீதிப் படிப்பு 60 யூனிட்டில் முடியும். ஏற்காவிட்டால் கூடுதல் பருவம், கூடுதல் கட்டணம். எனவே போகுமிடத்தை முதலில் தீர்மானித்து, அங்கிருந்து பின்னோக்கிப் பாடங்களைத் தேர்வதே நல்லது. எந்தப் பாடம் எங்கே செல்லும் என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநிலத் தளத்தில் பார்க்கலாம். ஆலோசகரின் வாய்மொழி அதற்கு ஈடாகாது.

மாநிலத்தின் மற்றோர் அமைப்பான கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் கணக்கு வேறு. டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைட், சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ் ஆகிய ஆறு வளாகங்கள் மாறிவரும் மாணவருக்கு இடம் உண்டென நிபந்தனைகளுடன் முன்னுறுதி தருகின்றன. பெர்க்லியும் லாஸ் ஏஞ்சலஸும் தருவதில்லை. முன்னுறுதிக்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பொது விண்ணப்பத்தை நினைத்து நவம்பர்வரை காத்திருப்பவர் இதைத் தவறவிடுவார்.

இனவியல் பாடம் ஒன்றை ஸ்டேட் பல்கலைக்கழக மாணவர் அனைவரும் படித்தாக வேண்டும் என்று 2020இல் சட்டம் வந்தது. அதைச் சமுதாயக் கல்லூரியிலேயே முடித்தால், பல இடங்களில் துறைப் பாடமாகவும் பொதுப் பாடமாகவும் சேரும். ஒவ்வொரு பாடத்தின் திட்டத்தாளையும் பத்திரப்படுத்துவது அவசியம். 'அசிஸ்ட்' பட்டியலில் இல்லாத பாடத்தை ஏற்கக் கோரி மனுப்போடும்போது துறையினர் கேட்பது அதைத்தான்.