96 சதவீதம் சரி... ஆனா தாத்தாவைக் கோட்டை விட்டிருக்கும்!

போன செமஸ்டர் மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவுக்கு நானும் என் டீமும் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுத்தான் போனோம். தலைப்பு: வைரஸ் சுவாசத் தொற்று வந்தவர்களில் யாருக்கு நோய் தீவிரமாகும் என்று முன்கூட்டியே கணிப்பது. அக்யூரசி 96 சதவீதம்! மேடம் அமைதியாகக் கேட்டாங்க: "உங்க டேட்டாவுல தீவிரமானவங்க எத்தனை பேர்?"

1000 பேரில் 40 பேர்.

"அந்த 40 பேர்ல எத்தனை பேரை உங்க மாடல் கண்டுபிடிச்சுது?"

ஓடவிட்டுப் பார்த்தோம். ஒருத்தரைக்கூட இல்லை. எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'சாதாரணம்' என்று சொல்லிவிட்டு, மீதி 960 பேர் புண்ணியத்தில் 96 மார்க் வாங்கியிருந்தது எங்கள் மாடல். கிளாஸே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரலை. 2021 மே மாதத்தில் அந்த மாதிரி 40 பேரில் ஒருவராக எங்கள் தாத்தா இருந்தார்.

மந்தைவெளியில் ஓர் இரவு

கொரோனா இரண்டாம் அலை சென்னையை உலுக்கிக்கொண்டிருந்த நேரம். தாத்தாவுக்கு அப்போ 71 வயது, நீண்ட நாளாகச் சர்க்கரை. காய்ச்சல் வந்து ஏழாவது நாள். "ஜுரம் விட்டுடுச்சு, எனக்கு ஒண்ணுமில்ல" என்று ஈஸி சேரில் சாய்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 95 காட்டியது. அப்பா டாக்டருக்குப் போன் போட்டு "95 இருக்கு சார், பரவாயில்லைல்ல?" என்றார்.

"உட்கார்ந்து பார்த்தது போதாது. மூணு நிமிஷம் வீட்டுக்குள்ளயே நடக்க வச்சு மறுபடி பாருங்க. ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடறார்னும் எண்ணுங்க" என்றார் டாக்டர்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நாலு நடை நடப்பதற்குள் 89. மூச்சு 28. அன்று இரவே ஆஸ்பத்திரி, ஆக்சிஜன், ஸ்டீராய்டு. 11 நாள் கழித்து வீடு திரும்பினார்.

ஸ்கேன் இல்லை, ஏ.ஐ. இல்லை. ஒரு விரல் கருவி, ஒரு கடிகாரம், மூணு நிமிஷ நடை. எங்கள் மாடலால் முடியாததை இவை எப்படிச் செய்தன? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

உடம்புக்குள்ளே என்ன நடக்கிறது?

கொரோனாவில் முதல் வாரம் பெரும்பாலும் வைரஸின் ஆட்டம். சிலருக்கு இரண்டாவது வாரத்தில் நம் நோய் எதிர்ப்பு மண்டலமே அளவு மீறிக் கொதித்து நுரையீரலைப் பாதிக்கிறது. அதனால்தான் காய்ச்சல் விட்டதாகத் தெரியும் நாளிலும் கவனம் தேவைப்பட்டது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நமக்கு மூச்சுத் திணறல் உணர்வைத் தருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு கூடுவதுதான்; ஆக்சிஜன் குறைவது அல்ல. கார்பன் டை ஆக்சைடு எளிதாக வெளியேறிவிடுவதால், ஆக்சிஜன் இறங்கினாலும் நோயாளி சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். 'ஹாப்பி ஹைப்பாக்சியா' என்று அப்போது எல்லா டிவியிலும் சொன்னார்களே, அதுதான்.

ஆக்சிஜன் அளவுக்கும் ஹீமோகுளோபின் அதைப் பிடித்து வைப்பதற்கும் உள்ள வரைபடம் 'எஸ்' வடிவம். மேலே சமதளம், சுமார் 90 சதவீதத்துக்குக் கீழே செங்குத்துச் சரிவு. சமதளத்தின் ஓரத்தில் நிற்பவர் உட்கார்ந்திருக்கும்போது பத்திரமாகவே தெரிவார். கொஞ்சம் நடந்தால் தசைகள் அதிக ஆக்சிஜன் கேட்கும், சரிவு வெளியே வந்துவிடும். நம்ம பாஷையில் சொன்னால், நடைச் சோதனை என்பது ஒரு லோட் டெஸ்ட். சும்மா இருக்கும்போது எல்லா சர்வரும் நல்ல சர்வர்தான்! (உட்கார்ந்திருக்கும்போதே 94க்குக் கீழே இருப்பவரை நடக்க வைக்கக் கூடாது. அவர் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டியவர்.)

2021 ஏப்ரலில் எய்ம்ஸும் ஐ.சி.எம்.ஆரும் வெளியிட்ட வழிகாட்டுதலும் இந்த இரண்டு எண்களின் மேல்தான் நின்றது. நிமிடத்துக்கு 24 மூச்சோ அதற்கு மேலோ, அல்லது ஆக்சிஜன் 90 முதல் 93 வரை என்றால் நடுத்தரப் பாதிப்பு. மூச்சு 30ஐத் தாண்டினாலோ ஆக்சிஜன் 90க்குக் கீழே போனாலோ தீவிரம்.

கணிப்பு எதற்கு? சும்மா பயமுறுத்தவா?

இல்லை. சிகிச்சையே அதைப் பொறுத்து மாறுகிறது. 2020 ஜூனில் பிரிட்டனின் 'ரெக்கவரி' ஆய்வு டெக்சாமெத்தசோன் என்ற விலை குறைந்த ஸ்டீராய்டின் முடிவை அறிவித்தது. வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது; ஆக்சிஜன் தேவைப்பட்டவர்களிடம் ஐந்தில் ஒரு பங்கு. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பலனே இல்லை. மருந்து அதே மருந்துதான், ஆளைப் பிரிப்பதில்தான் விஷயம்.

நல்ல மாடலுக்கு ஓர் உதாரணம்

2020 செப்டம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த '4சி' இறப்பு மதிப்பெண்ணைப் பாருங்க. 35,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் தகவலில் உருவாக்கி, வேறு 22,000க்கும் மேற்பட்டவர்களிடம் சோதித்தார்கள். உள்ளே போவது எட்டே எட்டு விவரம்: வயது, பாலினம், கூடவே இருக்கும் நோய்களின் எண்ணிக்கை, மூச்சு வேகம், ஆக்சிஜன், நினைவு நிலை, ரத்தத்தில் யூரியா, சி.ஆர்.பி. மொத்தம் 21 மதிப்பெண். 3 வரை எடுத்தவர்களில் இறந்தோர் சுமார் 1 சதவீதம். 15ஓ அதற்கு மேலோ எடுத்தவர்களில் சுமார் 62 சதவீதம்.

ஆனால் இது மருத்துவமனையில் சேர்ந்தவர்களுக்கானது. ராத்திரி பத்து மணிக்கு மந்தைவெளி வீட்டில் யூரியாவுக்கும் சி.ஆர்.பி.க்கும் எங்கே போவது? முடிவு எடுக்கும் இடத்தில் அளக்க முடியாத விவரம், அந்த இடத்தில் இல்லாத விவரம்தான்.

மோசமான மாடல்களுக்குப் பல உதாரணம்

2021இல் நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ் இதழில் ஒரு மதிப்பாய்வு வந்தது. எக்ஸ்ரே, சி.டி. படங்களை வைத்துக் கொரோனாவைக் கண்டறியவும் கணிக்கவும் செய்த மாடல்களில் 62 கட்டுரைகளை அலசினார்கள். மருத்துவப் பயன்பாட்டுக்கு உகந்தது ஒன்றுகூடத் தேறவில்லை. அதில் ஒரு கூத்து: சிலர் 'கொரோனா இல்லாதவர்' படங்களுக்காக ஒன்று முதல் ஐந்து வயதுக் குழந்தைகளின் எக்ஸ்ரே தொகுப்பை எடுத்திருந்தார்கள். மாடல் கற்றுக்கொண்டது நோயையா, இல்லை பெரியவருக்கும் குழந்தைக்கும் உள்ள வித்தியாசத்தையா?

கருவியையும் அப்படியே நம்பிவிட முடியாது. 1970களில் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அயோகி கண்டுபிடித்த தத்துவத்தில் ஓடுவது ஆக்சிமீட்டர். சிவப்பு, அகச்சிவப்பு என இரண்டு ஒளியை விரல் வழியாக அனுப்பி, உறிஞ்சப்படும் விகிதத்தைப் பார்க்கிறது. 2020 டிசம்பரில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோது உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். நம்ம ஊர் தோல் நிறத்தை நினைத்துப் பாருங்க. ஒரு எண்ணை மட்டும் நம்பாமல் மூச்சையும் எண்ணச் சொன்ன டாக்டருக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும்.

ஒரு சின்னக் கணக்கு

நம் மாடல் தீவிரமாகப் போகிறவர்களில் 90 சதவீதத்தைப் பிடிக்கும் (சென்சிடிவிட்டி), மற்றவர்களில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் (ஸ்பெசிஃபிசிட்டி) என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டிலிருக்கும் 1000 பேரில் 40 பேருக்குத் தீவிரமாகும் என்றால்: 36 பேரைப் பிடிக்கும். கூடவே 192 பேருக்குப் பொய் அலாரம் அடிக்கும். அலாரம் அடித்த 228 பேரில் நிஜம் சுமார் 16 சதவீதம்தான்.

வார்டில் இருக்கும் 1000 பேரில் 400 பேருக்கு என்றால்: 360 நிஜம், 120 பொய். இப்போது 75 சதவீதம் நிஜம்!

கோடு மாறவில்லை, இடம்தான் மாறியது. அதனால் 'எங்க மாடல் எவ்வளவு சரி?' என்று கேட்டால் பாதிக் கேள்விதான். 'எங்கே, யாருக்கு, அலாரம் அடித்தபின் என்ன செய்யப்போகிறோம்?' என்பது மீதி. பொய் அலாரத்தின் விலை ஒரு போன் கால் என்றால் தாராளமாக அடிக்கட்டும். ஒரு ஐ.சி.யூ. படுக்கை என்றால் யோசிக்கணும்.

நம்ம ஊரிலேயே ஒரு பாடம்

இதை அழகாகச் செய்து காட்டிய திட்டம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. வைரஸுக்கு அல்ல, பாக்டீரியாவால் வரும் காசநோய்க்கு. சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் துணையோடு 2022இல் தொடங்கிய 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்', நோய் கண்டறிந்தவுடன் பார்க்கச் சொல்வது இவ்வளவுதான்: உயரத்துக்கேற்ற எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா என்பது. ஆரம்ப சுகாதார நிலைய ஊழியரே பார்த்துவிடலாம். தீவிரம் என்று தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவமனையில் சேர்க்கை. அலாரத்துக்குப் பின்னால் ஒரு படுக்கை தயாராக இருப்பதுதான் இதன் பலம்.

அடுத்த ப்ராஜெக்டுக்கு முன்னாடி

எங்கள் டீம் இப்போது சுவரில் ஒட்டி வைத்திருக்கும் நாலு கேள்விகள்:

1. அக்யூரசியை விடு. தீவிரமானவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது?
2. உள்ளே போகும் ஒவ்வொரு விவரமும் முடிவெடுக்கும் நேரத்தில் கையில் இருக்குமா?
3. வேறு ஊர், வேறு வருஷத்து டேட்டாவில் சோதித்தோமா? தடுப்பூசிக்கு முன் செய்த மாடல் தடுப்பூசிக்குப் பின் தடுமாறலாம்.
4. அலாரம் அடித்தால் யார், என்ன செய்வார்கள்?

ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஃப்ளூ காய்ச்சல் நம் ஹாஸ்டலையும் வீட்டையும் எட்டிப் பார்க்கத்தான் போகிறது. வீட்டில் வயதானவருக்கு, சர்க்கரை உள்ளவருக்கு, கர்ப்பிணிக்குக் காய்ச்சல் இருமல் வந்தால் ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணிப் பாருங்க. சந்தேகம் வந்தால் கூகுளைக் கேட்காமல் டாக்டரைக் கேளுங்க.

தாத்தா இப்போ தினமும் சாயங்காலம் லஸ் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடக்கிறார். இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினேன். "அந்த 40 பேர்ல எத்தனை பேரை இப்போ பிடிக்குது உன் மாடல்?" என்றார்.

31 பேர், தாத்தா. இன்னும் ஒன்பது பேர் பாக்கி.