ஒரு தொடுமுனை, ஆறு விசிறிகள்

நாமக்கல், ராசிபுரம், சேலம் வட்டாரத்தின் சித்திரை வெயிலை நீங்கள் நன்கு அறிவீர்கள். வெயிலில் நமக்கு வியர்க்கிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பிகள் இல்லை. அலகைத் திறந்து மூச்சிரைத்துத்தான் அது உடல் வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது.

இப்பகுதியில் பக்கங்கள் திறந்த கோழிக் கொட்டகைகளே மிகுதி. நாற்புறமும் மூடி, ஒரு முனையில் நீர் வழியும் அட்டைகளும் மறுமுனையில் பெரிய விசிறிகளும் அமைந்த கொட்டகைகளும் உண்டு. கடும் கோடையில் இத்தகைய கொட்டகையின் விசிறிகள் நின்றுபோனால், சிறிது நேரத்திலேயே கோழிகள் மடியத் தொடங்கும். எனவே விசிறிகளை இயக்கும் மின்சுற்றில் தவறு இருக்கக் கூடாது.

ஒரு கொட்டகையில் ஆறு விசிறிகள் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வொன்றையும் இயக்குவது மும்முனை மோட்டார். வெப்பம் மிகும்போது தெர்மோஸ்டாட்டிலுள்ள சிறு தொடுமுனை மூடிக்கொள்ளும். மோட்டாரின் மின்னோட்டத்தைத் தாங்க அதற்கு வலிமை இல்லை. ஆகவே ஒவ்வொரு மோட்டாருக்கும் ஒரு காண்டாக்டர் வைக்கிறார்கள். அதனுள் ஒரு கம்பிச்சுருள் உண்டு. சுருளில் மின்சாரம் பாய்ந்ததும் அது மின்காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும், பெரிய தொடுமுனைகள் மூடும், மோட்டார் ஓடும். கிணற்று மோட்டாரைப் போடும்போது ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ‘டக்’ என்று கேட்கிறதே, அது இந்த இரும்பு ஒட்டும் ஓசைதான்.

ஆறு சுருள்களையும் அந்த ஒரே சிறு தொடுமுனையில் இணைக்கலாமா? கணக்கிட்டுப் பார்ப்போம். சிறிய காண்டாக்டர் ஒன்று இரும்பைப் பிடித்துக்கொண்டிருக்க ஏறக்குறைய 8 வோல்ட்-ஆம்பியர் போதும். ஆறுக்கு 48. இதை 230 வோல்ட்டால் வகுத்தால் சுமார் 0.2 ஆம்பியர். சுருள் போன்ற சுமைக்குத் தொடுமுனை 1 ஆம்பியர் தாங்கும் என்றால், கவலையில்லை என்று தோன்றும்.

இங்கேதான் ஏமாந்துபோகிறோம். மாறுமின்னோட்டச் சுருளில் மின்னோட்டத்தைப் பெரிதும் தடுப்பது அதன் தன் மின்தூண்டல். இரும்பு விலகி நிற்கும்போது இடையே காற்று இடைவெளி இருப்பதால் தன் மின்தூண்டல் குறைவு. ஆகவே மின்னோட்டம் மிகுதி. இரும்பு ஒட்டியதும் தன் மின்தூண்டல் உயர்ந்து மின்னோட்டம் குறைந்துவிடும். எனவே இரும்பை இழுக்கும் அந்தக் கணத்தில் அதே சுருள் ஏறக்குறைய 70 வோல்ட்-ஆம்பியர் எடுக்கும். ஆறுக்கு 420, அதாவது சுமார் 1.8 ஆம்பியர்! வினாடியில் ஒரு சிறு பகுதியே இது நீடித்தாலும், ஒவ்வொரு முறையும் தொடுமுனையில் பொறி பறக்கும். சுருளை நிறுத்தும்போதோ, அதன் காந்தப் புலம் சட்டென மறைவதால் உயர் மின்னழுத்தம் தோன்றி மீண்டும் பொறி எழும். நாளடைவில் தொடுமுனை உருகி ஒட்டிக்கொள்ளலாம். அல்லது கரிந்து மின்சாரம் பாயாமலே போகலாம்.

இதற்கு வழி என்ன? இடையில் ஒரு துணை ரிலே வைப்பதே. தெர்மோஸ்டாட் அந்த ரிலேயின் சிறு சுருளை மட்டும் இயக்கும். ரிலேயின் வலிமையான தொடுமுனை ஆறு காண்டாக்டர் சுருள்களையும் இயக்கும். சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்சுற்றை ஆளும் இந்த முறையை 1835-ஆம் ஆண்டளவில் செய்து காட்டியவர் அமெரிக்க விஞ்ஞானி ஜோசப் ஹென்றி. தன் மின்தூண்டலை அளக்கும் அலகுக்கும் அவர் பெயரே வழங்குகிறது.

இன்னும் சில விதிகளை மனத்தில் கொள்ளுங்கள்.

1. சுருள்களைப் பக்க இணைப்பில்தான் இணைக்க வேண்டும். இரண்டு 230 வோல்ட் சுருள்களைத் தொடரில் இணைத்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி மின்னழுத்தமே கிடைக்கும். இரும்பு சரிவர ஒட்டாது.

2. எல்லாச் சுருள்களுக்கும் ஒரே முனையிலிருந்து, ஓர் உருகி வழியாக மின்சாரம் வர வேண்டும். வெவ்வேறு முனைகளை ஒரே தொடுமுனையில் சேர்த்தால் அவற்றினிடையே 415 வோல்ட் குறுக்குச் சுற்று ஏற்படும். தொடுமுனையை நியூட்ரல் பக்கம் வைப்பதும் தவறு. மூன்று முனைகளிலும் சம எண்ணிக்கையில் சுருள்கள் இருந்தால், நியூட்ரலைத் துண்டித்த பிறகும் அவை இயங்கிக்கொண்டே இருக்கும்!

3. ஒவ்வொரு சுருளின் குறுக்கேயும் மின்தடையும் மின்தேக்கியும் சேர்ந்த பொறித்தடுப்பு ஒன்றை இணைக்க வேண்டும்.

4. ஆறு மோட்டார்களையும் ஒரே கணத்தில் துவக்கக் கூடாது. துவங்கும்போது மோட்டார் வழக்கத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு மின்னோட்டம் இழுக்கும். அதனால் மின்னழுத்தம் தாழும். 230 வோல்ட் சுருள் 196 வோல்ட்டுக்குக் கீழே இரும்பை இழுக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அது ஒட்டுவதும் விடுவதுமாகத் துடித்துக் கருகும். நேர ரிலேக்களைக் கொண்டு சில வினாடி இடைவெளியில் ஒவ்வொன்றாகத் துவக்கினால், நின்ற மின்சாரம் திரும்பி வரும்போதும் தொல்லையில்லை.

இவ்வளவு செய்தும் ஒரு குறை எஞ்சுகிறது. அந்த ஒரு ரிலே பழுதானால் ஆறு விசிறிகளும் நின்றுவிடும் அல்லவா? ஆகவே மும்மூன்று விசிறிகளாகப் பிரித்து, இரு தெர்மோஸ்டாட்டுகளும் இரு ரிலேக்களும் வைப்பது நல்லது. மின்கலத்தால் இயங்கும் எச்சரிக்கை மணி ஒன்றும் தனியே இருக்க வேண்டும்.

ஸ்டார்ட்டர் பெட்டியை நீங்கள் திறந்து பார்க்க வேண்டாம். அதைப் பயிற்சி பெற்ற மின்பணியாளரிடம் விட்டுவிடுங்கள். காகிதமும் பென்சிலும் கொண்டு இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: நான்கு காண்டாக்டர்கள், இழுக்கும்போது ஒவ்வொன்றும் 115 வோல்ட்-ஆம்பியர், மின்னழுத்தம் 230 வோல்ட். 1 ஆம்பியர் தொடுமுனை போதுமா?

விடை: 2 ஆம்பியர் பாயும், போதாது. துணை ரிலே வேண்டும்.