காய்ந்ததும் மங்கும் கூழாங்கற்கள்

கேள்வி: மோகனூரில் காவிரியிலிருந்து மூன்று கூழாங்கற்கள் எடுத்துவந்தேன். ஒன்று பால் வெள்ளை, ஒன்றில் கருப்பு வெள்ளைப் பட்டைகள், ஒன்று கன்னங்கரேல். வெள்ளையை ஸ்படிகம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். காந்தத்தில் ஒட்டுவதால் கருப்பை விண்கல் என்கிறான் மகன். எதை நம்புவது? ஆற்றில் மின்னியவை வீட்டுக்கு வந்ததும் மங்கிவிட்டதேன்?

— வாசகி, நாமக்கல்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் முழுக்கத் தப்பில்லை. அது அநேகமாக வெங்கச்சாங்கல், அதாவது குவார்ட்ஸ். ஸ்படிகமும் அதே கனிமம்தான். உள்ளே நுண்ணிய நீர்க்குமிழிகள் ஏராளமாகச் சிக்கினால் தெளிவு போய்ப் பால் நிறம் வந்துவிடும். பேனாக்கத்தி முனையால் அழுத்திக் கீறிப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் கோடு விழும், ஆனால் நகத்தால் தடவினால் பள்ளம் தட்டாது. தேய்ந்தது கத்தி! மோஸ் கடினத்தன்மை அளவில் குவார்ட்ஸ் 7, கத்தி சுமார் 5.5. ஃபெல்ஸ்பார் என்ற கனிமமும் கத்திக்கு எளிதில் மசியாது. ஆனால் அது உடைந்த இடம் தட்டையாகப் பளபளக்கும். வெங்கச்சாங்கல் சிப்பியின் உட்புறம்போல் வளைந்து உடையும்.

பட்டைக் கல் அநேகமாக நைஸ் என்ற பாறை. கருப்புக் கல்லுக்கு வானத்தைப் பார்க்க வேண்டாம். சேலம் பக்கத்துக் கஞ்சமலையில் இருப்பதுபோன்ற இரும்புத் தாது, மேக்னடைட், கலந்த பாறையும் காந்தத்தில் ஒட்டும். உறுதியாகத் தெரிய, உடைத்து உள்ளே பார்க்க வேண்டும். வழவழப்பை வைத்து எந்தக் கல்லுக்கும் பெயர் சொல்ல முடியாது.

வழவழப்பைக் கொடுத்தது தண்ணீர் மட்டும் என்பது பாதி உண்மைதான். வெள்ளத்தில் கல்லோடு கல் மோதுகிறது, மணல் உரசுகிறது. மற்ற நாட்களில் பெரும்பாலான கற்கள் கிடந்த இடத்திலேயே கிடக்கும். முதலில் தேய்வது துருத்திய மூலைகள். கல் உருண்டையான பிறகுதான் அளவு கணிசமாகக் குறையத் தொடங்கும். நைஸ் பல சமயம் தட்டையாகிவிடும், அடுக்கின் போக்கில் பிளவுபடுவதால். வெள்ளைக் கல்லை லென்ஸில் பாருங்கள்: பிறைபோன்ற சின்னச் சின்னத் தழும்புகள் தெரியலாம். மோதிய அடையாளங்கள் அவை.

மங்கியதற்கும் இந்தத் தேய்மானமே காரணம். கைக்கு வழவழப்பாக இருந்தாலும் மேற்பரப்பில் நுண்ணிய சொரசொரப்பு உண்டு. காய்ந்தால் அது ஒளியைச் சிதறடித்து நிறத்தை வெளுக்கவைக்கும். நனைந்தால் தண்ணீர் பள்ளங்களை நிரப்பிவிடும். கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவையுங்கள். கொசு முட்டையிடும், அடிக்கடி தண்ணீரை மாற்றுங்கள்.